வோல்டேஜைக் கம்ப்யூட்டர் சொல்லட்டும், சப்ளை பிடித்து வைக்கட்டும்

கேள்வி இதுதான். வண்டிகளில் மாட்டும் ஜிபிஎஸ் டிராக்கர் போர்டுகளைச் சோதித்து அனுப்பும் சின்னப் பட்டறை. கையில் இருப்பது கல்லூரி லேபில் எல்லோரும் பார்த்த 0–30 வோல்ட், 2 ஆம்பியர் ஆர்பிஎஸ், அதாவது நாப் திருகி வோல்டேஜை வைக்கும் ரெகுலேட்டட் பவர் சப்ளை. ஒவ்வொரு போர்டுக்கும் 9 வோல்ட்டில் தொடங்கி 16 வோல்ட் வரை அரை அரை வோல்ட்டாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கரண்ட் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது போர்டு. நாப் திருகியே விரல் தேய்கிறது. கம்ப்யூட்டரிலிருந்தே வோல்டேஜை மாற்ற முடியுமா? நாப்பில் ஒரு ஸ்டெப்பர் மோட்டாரை மாட்டி, பைத்தான் ப்ரோகிராம் வோல்டேஜைப் படித்துப் படித்துத் திருத்திக்கொண்டே இருந்தால் போதாதா? இல்லையென்றால், பழைய கம்ப்யூட்டர் கேபினட்டில் கழற்றிய எஸ்எம்பிஎஸ்ஸை (அதன் பவர் சப்ளைப் பெட்டியை) வைத்து ஏதாவது செய்யலாமா?

முடியும். பதினைந்து படி, நாற்பது போர்டு என்றால் ஒரு நாளைக்கு 600 அளவீடு. இதைக் கையால் செய்வது பாவம். ஆனால் “ப்ரோகிராம் படித்துப் படித்துத் திருத்திக்கொண்டே இருக்கும்” என்ற யோசனையை முதலில் கைவிட வேண்டும். அது ஏன் என்று புரிந்துவிட்டால், எந்தச் சப்ளையை வாங்குவது, எதை நாமே கட்டுவது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

அதற்கு முன் எஸ்எம்பிஎஸ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். கேபினட்டில் இருக்கும் ஏடிஎக்ஸ் சப்ளை 12, 5, 3.3 வோல்ட் தருவதற்காக மட்டுமே செய்யப்பட்டது. 12 வோல்ட் லைன் 5 சதவீதம் ஏற இறங்க இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. அதைச் சாஃப்ட்வேரால் மாற்றுவதற்கு உள்ளே வழி எதுவும் கிடையாது. திரையில் வோல்டேஜைக் காட்டும் ப்ரோகிராம்கள் எல்லாம் மதர்போர்டில் உள்ள சென்சாரைப் படித்துக் காட்டுபவை. பயாஸில் ப்ராசஸர் வோல்டேஜை மாற்றுகிறோமே என்று சிலர் கேட்பார்கள். அது மதர்போர்டில் ப்ராசஸருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தனி ரெகுலேட்டரின் வேலை. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதில் பங்கில்லை. ஆக, பழைய எஸ்எம்பிஎஸ்ஸை ஓரமாக வையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு ரெகுலேட்டட் சப்ளைக்குள் என்ன நடக்கிறது? ஒரு மாறாத ரெஃபரன்ஸ் வோல்டேஜ் இருக்கிறது. வெளியே போகும் வோல்டேஜிலிருந்து ஒரு பங்கை ரெசிஸ்டர்கள் பிரித்து உள்ளே கொண்டு வருகின்றன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு ஆம்ப்ளிஃபையர், குறைந்தால் டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் திறக்கிறது, கூடினால் கொஞ்சம் மூடுகிறது. இது ஓயாமல், மைக்ரோவிநாடிக் கணக்கில் நடக்கும் இழுபறி. உங்கள் போர்டு திடீரென்று ஒரு ஆம்பியர் இழுத்தால், சில பத்து மைக்ரோவிநாடிக்குள் சப்ளை சுதாரித்துக்கொள்ளும்.

இதே வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? யூஎஸ்பி வழியாக ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப நல்ல நாளிலேயே சில மில்லிவிநாடி. அப்புறம் விண்டோஸ் எந்த நேரத்தில் உங்கள் ப்ரோகிராமை ஓரம் கட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போர்டு கரண்ட் இழுத்து, ரீசெட் ஆகி, மறுபடி எழுந்த பிறகுதான் ப்ரோகிராமுக்கு விஷயமே தெரியும். நாப்பை மோட்டார் திருப்புவதென்றால் இன்னும் மோசம்: பொட்டென்ஷியோமீட்டரில் தேய்ந்த ஓர் இடத்தில் தொடர்பு விட்டுப் போனால், பல சர்க்யூட்டுகளில் வோல்டேஜ் நேராக உச்சத்துக்குப் போய்விடும். மோட்டார் யோசனை வேலையே செய்யாது என்று சொல்லவில்லை. செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதை வைத்து வாடிக்கையாளர் போர்டைச் சோதிக்க எனக்குத் துணிச்சல் வராது.

எனவே வேலைப் பிரிவினை இப்படித்தான் இருக்க வேண்டும்: எத்தனை வோல்ட் வேண்டும் என்ற எண்ணைக் கம்ப்யூட்டர் சொல்லும். அந்த எண்ணில் பிடித்து வைப்பது சப்ளைக்குள் இருக்கும் சர்க்யூட்டின் பாடு.

உங்கள் ஆர்பிஎஸ்ஸைத் திறந்து நாப் இருக்கும் இடத்தில் கம்பி இழுக்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். பின்பக்கம் “0–5 வோல்ட்” அல்லது “0–10 வோல்ட்” ரிமோட் கன்ட்ரோல் டெர்மினல் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்; அதற்காகவே வைத்தது அது. அப்படி எதுவும் இல்லாத சாதாரண ஆர்பிஎஸ் என்றால் தொடாமல் இருப்பது நல்லது. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. லேப் சப்ளைகள் பலவற்றில் கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கென்று ட்ரான்ஸ்ஃபார்மரில் தனிச் சுற்று இருக்கும். அந்தச் சர்க்யூட்டின் பூஜ்யம் அவுட்புட்டின் பாசிட்டிவ் முனையில் கட்டப்பட்டிருக்கும். அங்கே போய் ஆர்டுயினோவின் (யூஎஸ்பியில் மாட்டும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டின்) கிரவுண்டைச் சேர்த்தால், யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டர் பாடி வரைக்கும் பாசிட்டிவை இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் ஐசி ஒன்றை நாப் இருந்த இடத்தில் வைத்துவிடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அந்த வகை ஐசிகளின் கால்கள் 5 வோல்ட்டைத் தாண்டித் தாங்காது. ஆர்பிஎஸ் நாப்பில் எத்தனை வோல்ட் ஓடுகிறது என்று அளந்து பார்க்காமல் அதை வைப்பது புகைக்கு அழைப்பு.

சரி, வாங்குவதாக இருந்தால்?

ப்ரோகிராமபிள் பவர் சப்ளை என்று கேட்டு வாங்க வேண்டும். இதில் மூன்று வகைப் பேச்சு மொழி இருக்கிறது. முதலாவது எஸ்சிபிஐ, வாயில் சொல்லும்போது ‘ஸ்கிப்பி’. ஹெச்பி நிறுவனம் தன் அளவுக் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்க உருவாக்கிய பஸ் 1975-இல் ஐஇஇஇ 488 என்ற தரமானது. ஆனால் கம்பி ஒன்றானாலும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு கட்டளை வைத்திருந்தது. கருவி மாறினால் ப்ரோகிராமையும் மாற்ற வேண்டும். அந்தத் தலைவலிக்கு மருந்தாக 1990-இல் வந்ததுதான் எஸ்சிபிஐ. ஜிபிஐபி (மேலே சொன்ன ஐஇஇஇ 488 பஸ்), சீரியல், யூஎஸ்பி, லேன் என்று எந்தக் கம்பி வழியாகப் போனாலும் வாக்கியம் ஒன்றே. ‘வோல்ட் 12.5’ என்று எழுதி அனுப்பினால் பன்னிரண்டரை (இங்கே ஒலிப்பைத்தான் எழுதுகிறேன், தட்டுவது ஆங்கில எழுத்தில்). ‘கர் 1.5’ என்றால் கரண்ட் வரம்பு ஒன்றரை ஆம்பியர். ‘அவுட்ப் ஆன்’ என்றால் அவுட்புட் திறக்கும். கீசைட், ரிகோல் போன்ற கம்பெனிகளின் சப்ளைகள் எல்லாம் இதைத்தான் பேசுகின்றன.

புதுச் சப்ளை வந்ததும் நான் முதலில் ப்ரோகிராம் எழுத உட்கார மாட்டேன். சீரியல் டெர்மினல் ஒன்றைத் திறந்து ‘*ஐடிஎன்?’ என்று தட்டுவேன். நீ யார் என்ற கேள்வி அது. கம்பெனி பெயர், மாடல், சீரியல் நம்பர், உள் சாஃப்ட்வேரின் பதிப்பு என்று காற்புள்ளியிட்டு ஒரு வரி திரும்பி வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எதுவும் வராவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி வரியின் முடிவுக் குறி: எஸ்சிபிஐ சப்ளை, புதுவரிக் குறி வரும் வரை வாக்கியம் முடியவில்லை என்று காத்துக்கொண்டே இருக்கும், உங்கள் ப்ரோகிராமோ பதில் வரவில்லை என்று காத்திருக்கும். இரண்டும் மரியாதை பார்த்து நிற்கும். ஹெச்பியின் பழைய இ3631ஏ போன்றவற்றைச் சீரியல் வழியாக ஆட்டுவதானால், ‘சிஸ்ட்:ரெம்’ என்று முதலில் சொல்லி ரிமோட் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பைத்தானில் பைவீசா என்ற லைப்ரரி இருக்கிறது. போர்ட்டைத் திறப்பது, கேட்பது, படிப்பது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது வகை, கோராட் கேஏ3005பி மாதிரியான விலை குறைந்த 30 வோல்ட், 5 ஆம்பியர் பெட்டிகள். இதே பெட்டி வேறு வேறு பெயர் ஒட்டியும் விற்கப்படுகிறது. அதன் பேச்சு தனி: ‘விசெட்1:12.50’ என்றால் வோல்டேஜ், ‘ஐசெட்1:1.500’ என்றால் கரண்ட், ‘அவுட்1’ என்றால் ஆன். சீரியல் வேகம் விநாடிக்கு 9600 பிட். இதற்குப் புதுவரிக் குறி தேவையில்லை. கட்டளைகளுக்கு இடையே கொஞ்சம் மூச்சு விட்டால்தான் இது முடிந்தது, அடுத்தது தொடங்கியது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியும். மூச்சு விடாமல் அனுப்பினால் சிலதை விழுங்கிவிடும், புகாரும் சொல்லாது. நூறு மில்லிவிநாடி இடைவெளி விட்டு அனுப்புங்கள். அவசரப்பட உங்களுக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது, ரைடன் ஆர்டி6006 மாதிரியான மாட்யூல்கள். இவை மெயின்ஸில் நேராக மாட்டுபவை அல்ல. வெளியே ஒரு டிசி சப்ளை கொடுக்க வேண்டும், அதைக் குறைத்துத் தரும். மொழி மோட்பஸ், தொழிற்சாலைக் கருவிகள் பேசுவது. வாக்கியம் கிடையாது, ரிஜிஸ்டர் எனப்படும் எண்ணிட்ட பெட்டிகளில் எண்களைப் போட வேண்டும், அவ்வளவுதான். 8-ஆம் ரிஜிஸ்டரில் 1250 என்று எழுதினால் 12.50 வோல்ட். 9-இல் 1500 என்றால் ஒன்றரை ஆம்பியர். 18-இல் 1 போட்டால் அவுட்புட் ஆன். நிஜமாக வெளியே போகும் வோல்டேஜ் 10-லும் கரண்ட் 11-லும் கிடைக்கும். பிஎல்சி (தொழிற்சாலை இயந்திரங்களை ஆட்டும் கன்ட்ரோலர்) வேலை தெரிந்தவர்களுக்கு இது பழகிய பாதை.

எந்த வகையாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. எஸ்சிபிஐயில் ‘வோல்ட்?’ என்று கேட்டால், நீங்கள் வைக்கச் சொன்ன எண்ணைத்தான் திருப்பிச் சொல்லும். ‘மெஸ்:வோல்ட்?’ என்று கேட்டால்தான் டெர்மினலில் இப்போது இருப்பதை அளந்து சொல்லும். மாணவர்கள் கொண்டு வரும் அளவீட்டுப் பட்டியலில் வோல்டேஜ் 9.000, 9.500, 10.000 என்று வகிடெடுத்தாற்போல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நிஜ அளவீடு 9.003, 9.498 என்று கொஞ்சம் கலைந்துதான் இருக்கும்.

இனி உங்கள் போர்டுக்கு வருகிறேன், ஏனென்றால் டிராக்கர் போர்டு சாதுவான ஆள் இல்லை. உள்ளே ஒரு ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டர் இருப்பதால் அது ஏறக்குறைய ஒரே வாட்டைத்தான் இழுக்கும். போர்டு 2 வாட் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 வோல்ட்டில் 0.125 ஆம்பியர், 9 வோல்ட்டில் 0.22 ஆம்பியர். வோல்டேஜ் குறையக் குறையக் கரண்ட் கூடும். ரெசிஸ்டரை வைத்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போர்டு பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இதனால் வரும் சிக்கல் கரண்ட் வரம்பில். 0.25 ஆம்பியர் போதும் என்று வரம்பு வைத்தால், அவுட்புட் திறந்த நொடியில் போர்டின் கெப்பாசிட்டர்கள் நிறைய வேண்டும். ரெகுலேட்டரும் 5, 6 வோல்ட்டிலேயே கண் விழித்துத் தன் இரண்டு வாட்டைக் கேட்கும். அந்த வோல்டேஜில் அதற்கு 0.35, 0.4 ஆம்பியர் வேண்டும். சப்ளை கொடுக்காது. வோல்டேஜ் பாதியில் தொங்கிக்கொண்டு நிற்கும், கரண்ட் வரம்பில் முட்டி நிற்கிறது என்று காட்டும் சிசி விளக்கு எரியும். ப்ரோகிராம் 9 வோல்ட் வைத்தாயிற்று என்று நம்பிக் குறித்துக்கொண்டே போகும்.

போர்டில் 2ஜி மோடம் இருந்தால் இன்னொரு கூத்து. ஜிஎஸ்எம் மோடம் தொடர்ந்து பேசாது, 4.6 மில்லிவிநாடிக்கு ஒரு முறை, 577 மைக்ரோவிநாடி மட்டும் கத்திவிட்டு அடங்கும். கத்தும்போது 4 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ரெகுலேட்டரின் இழப்பையும் சேர்த்தால் உங்கள் 9 வோல்ட் பக்கத்தில் அது ஏறக்குறைய ஒரு ஆம்பியர். போர்டின் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். மீதி சப்ளையின் தலையில். சப்ளையின் மீட்டரோ சராசரியைக் காட்டிவிட்டு 0.3 என்று அப்பாவியாக நிற்கும். அந்த 0.3-ஐ நம்பி 0.5-இல் வரம்பு வைத்தால், டவர் சிக்னல் பலவீனமான நாளில் மட்டும் போர்டு ரீசெட் ஆகும். காலையில் சரி, மாலையில் தப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். இந்தச் சோதனைக்குக் கரண்ட் வரம்பு ஒன்றரை ஆம்பியர் வையுங்கள். போர்டில் ஷார்ட் இருந்தால் கண்டுபிடிக்க, சராசரிக் கரண்ட்டுக்கு ப்ரோகிராமில் தனியாக ஒரு எல்லை போட்டுக்கொள்ளலாம்.

முதலை க்ளிப் வயர்களையும் மறக்காதீர்கள். கடையில் வாங்கும் மெல்லிய செட்டில் போக வர 0.2 ஓம் இருப்பது சாதாரணம். ஒரு ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் வழியிலேயே போயிற்று, சப்ளை 9.0 என்று சொல்லும்போது போர்டுக்குப் போய்ச் சேர்வது 8.8. தடித்த, குட்டையான வயர் போடுங்கள். சப்ளையில் சென்ஸ் டெர்மினல் இருந்தால் அந்த இரண்டு மெல்லிய வயரைப் போர்டு வரைக்கும் கொண்டுபோங்கள். அங்கே இருக்கும் வோல்டேஜைப் பார்த்து சப்ளை தானே ஈடுகட்டும்.

ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் நேரம் பிடிக்கும். பெரும்பாலான சப்ளைகளுக்குக் கொடுக்கத்தான் தெரியும், திருப்பி வாங்கத் தெரியாது. அவுட்புட்டில் 470 மைக்ரோஃபாரட் இருந்து, அதை வடிக்க 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் மட்டும் இருந்தால், போர்டு எதுவும் மாட்டாதபோது 16-லிருந்து 9-க்கு இறங்க கால் விநாடிக்கு மேல் ஆகும். அதனால் ஒவ்வொரு படிக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஸ்லீப்’ போடாமல், அளந்த வோல்டேஜ் கேட்ட எண்ணுக்கு 20 மில்லிவோல்ட் கிட்டே வரும் வரை கேட்டுக் கேட்டுக் காத்திருந்து, இரண்டு விநாடி தாண்டினால் தவறு என்று நிறுத்துங்கள். மேலே சொன்ன சிசி தொங்கலும் அதிலேயே பிடிபடும். போர்டைக் கழற்றும் முன் வோல்டேஜ் ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்றும் ப்ரோகிராமே பார்க்கட்டும்.

வாங்க மனமில்லை, நாமே கட்டலாம் என்றால், உங்கள் தேவைக்கு அது ஒன்றும் மலை இல்லை. 9-லிருந்து 16 வரைதான் வேண்டும் என்பது பெரிய வசதி. வோல்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 அட்ஜஸ்டபிள் மாட்யூல் சென்னை ரிச்சி தெருவில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். அந்த ஐசி தன் ஃபீட்பேக் காலில் 1.23 வோல்ட் இருக்கும்படி அவுட்புட்டைச் சரிசெய்துகொண்டே இருக்கும். அதில் இருக்கும் ட்ரிம்பாட்டையும் (திருகி மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) அதன் ஜோடி ரெசிஸ்டரையும் கழற்றிவிடுங்கள். அவுட்புட்டிலிருந்து ஃபீட்பேக் காலுக்கு 10 கிலோ ஓம். அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். அதே காலுக்கு எம்சிபி4725 என்ற டிஏசியிலிருந்து (எண்ணை வோல்டேஜாக மாற்றித் தரும் ஐசி) 4.7 கிலோ ஓம். டிஏசிக்கு 3.3 வோல்ட் சப்ளை. மாட்யூலுக்கு 24 வோல்ட் அடாப்டர். அவுட்புட் 10 வோல்ட்டைத் தாண்டுவதால், மேலே உள்ள 10 கிலோ ஓமுக்கு இணையாக ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் வைக்கச் சொல்கிறது டேட்டாஷீட்.

கணக்கு போட்டுப் பாருங்கள். டிஏசி பூஜ்யம் தந்தால் அவுட்புட் 16.1 வோல்ட். டிஏசி முழு 3.3 தந்தால் 9.1 (முதல் படியை மட்டும் 9-க்குப் பதில் 9.1 என்று வைத்துக்கொள்ளுங்கள்). டிஏசி ஏற ஏற அவுட்புட் இறங்கும். 7 வோல்ட்டை 4096 படியாகப் பிரிப்பதால் ஒரு படி 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. இந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது துல்லியம் அல்ல. ப்ரோகிராம் பைத்தியம் பிடித்து எந்த எண்ணை அனுப்பினாலும் வோல்டேஜ் 9.1-க்குக் கீழே போகாது, 16.1-க்கு மேலும் போகாது. டிஏசியின் வயர் அறுந்தே போனாலும் 13.5 வோல்ட்டில் நிற்கும். வண்டியில் பேட்டரி சார்ஜ் ஆகும்போது இருப்பதற்குப் பக்கத்தில். எல்லையை ரெசிஸ்டர்கள் காவல் காக்கின்றன, சாஃப்ட்வேரின் நல்ல குணத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. 0–30 வரை எல்லாமே வேண்டும் என்று பேராசைப்பட்டால் இந்த நிம்மதி போய்விடும்.

அந்தப் பேராசைக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒன்றை 28 வோல்ட் வரை போகும்படி கட்டினேன். ஆர்டுயினோ ஊனோ, அதன் ப்ரோகிராமில் தொடக்கத்திலேயே டிஏசிக்குப் பூஜ்யம் எழுதும் வரி. பூஜ்யம் என்றால் பத்திரம் என்று கை தானாக எழுதிவிட்டது. இந்த சர்க்யூட்டில் பூஜ்யம்தான் உச்சம் என்று மூளைக்கு எட்டவில்லை. இரண்டு நாள் நன்றாகவே ஓடியது, ஏனென்றால் எல்லாவற்றையும் ஆன் செய்து ப்ரோகிராமை ஓட்டிய பிறகுதான் போர்டை மாட்டுவேன். மூன்றாம் நாள் போர்டை மாட்டிய நிலையில் ப்ரோகிராமை மூடி மறுபடி திறந்தேன். கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் ஊனோ ரீசெட் ஆகும். அது அப்படிச் செய்யப்பட்டதுதான். ஒன்றிரண்டு விநாடி சும்மா இருந்தது, அப்புறம் விசுவாசமாகப் பூஜ்யத்தை எழுதியது. 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று ‘டப்’ என்று வாயைத் திறந்தது. மேசை முழுக்க அந்த மீன் வாடை. போர்டு என்னுடையது கூட இல்லை.

அதிலிருந்து இரண்டு வழக்கம் வந்தது. எம்சிபி4725-க்குள் ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. கரண்ட் வந்ததும் எந்த மதிப்பில் எழ வேண்டும் என்று அதில் எழுதி வைக்கலாம். கம்பெனியிலிருந்து வரும்போது நடு மதிப்பில் இருக்கும். உங்கள் அமைப்பில் மிகக் குறைந்த வோல்டேஜ் தரும் எண்ணை அதில் எழுதிவிடுங்கள். இரண்டாவது, எல்எம்2596-இன் ஆன்–ஆஃப் கால். அது தாழ்வாக இருந்தால்தான் ஐசி ஓடும், உயர்ந்தால் நின்றுவிடும். மாட்யூலில் அதைக் கிரவுண்டோடு சேர்த்திருப்பார்கள். அதை வெட்டி, ஒரு ரெசிஸ்டரால் மேலே இழுத்து வையுங்கள். மைக்ரோகன்ட்ரோலர் விழித்து, வேண்டுமென்றே கீழே இழுத்தால் மட்டும் அவுட்புட் வரட்டும். ரீசெட்டில் இருக்கும்போது அதன் கால்கள் மிதக்கும், அவுட்புட் தானாக அணைந்திருக்கும்.

அடுத்தது, கம்ப்யூட்டர் பேசாமல் போனால் என்ன என்ற கேள்வி. போகும். விண்டோஸ் அப்டேட் என்று ரீஸ்டார்ட் ஆகும்; மின் சிக்கனம் என்று யூஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைக்கும்; யாராவது காலால் கேபிளை இழுத்துவிடுவார்கள். ப்ரோகிராம் எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடும் ‘ஃபைனலி’ பகுதியைப் பைத்தானில் எழுதி அவுட்புட்டை அணைப்பது நல்ல பழக்கம், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் கம்ப்யூட்டரே அணைந்தால் அந்த வரியும் சேர்ந்துதான் அணையும். நீங்களே கட்டும் பெட்டியில், இரண்டு விநாடி எந்தச் சொல்லும் வராவிட்டால் மைக்ரோகன்ட்ரோலர் அவுட்புட்டை நிறுத்தட்டும்; ப்ரோகிராம் அரை விநாடிக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு எழுத்தை அனுப்பட்டும்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. உங்கள் பாக்கெட்டில் இருக்கும் ஃபோனின் டைப்-சி சார்ஜர் பிபிஎஸ் (ப்ரோகிராமபிள் பவர் சப்ளை) வகை என்றால், அதுவும் சாஃப்ட்வேர் ஆட்டிவைக்கும் பவர் சப்ளைதான். 20 மில்லிவோல்ட் படியில் வோல்டேஜைக் கூட்டு, குறை என்று ஃபோன் கேட்கும், சார்ஜர் கொடுக்கும். மாற்றம் எதுவும் வேண்டாம் என்றாலும் பத்து விநாடிக்குள் ஃபோன் மறுபடி கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், எதிரில் ஆள் இல்லை என்று சார்ஜர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சார்ஜருக்கே இவ்வளவு முன்னெச்சரிக்கை இருக்கும்போது டெஸ்ட் பெஞ்சுக்கு இருக்கக் கூடாதா?

விலைக்கு வாங்கும் பெஞ்ச் சப்ளைகள் பல, கம்ப்யூட்டர் போனாலும் கடைசியாகச் சொன்ன வோல்டேஜிலேயே அசையாமல் நிற்கும். அது குறை அல்ல, ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதனால்தான் கட்டளை வரிசை முக்கியம்: முதலில் ரீசெட், அடுத்து ஓவர்வோல்டேஜ் காப்பை 17-இல் வை, பிறகு கரண்ட் வரம்பு, அதன் பின் வோல்டேஜ், கடைசியாகத்தான் அவுட்புட் ஆன். ஒவ்வொரு போர்டுக்கும் இதே வரிசை. நேற்று யாரோ 24 வோல்ட் வேலைக்கு வைத்துவிட்டுப் போன அமைப்பின் மேல் இன்றைய ப்ரோகிராம் அவுட்புட்டைத் திறப்பதுதான் போர்டுகள் சாகும் வழக்கமான வழி.

கிரவுண்ட் பற்றி ஒரே ஒரு வார்த்தை. நல்ல பெஞ்ச் சப்ளையில் யூஎஸ்பி பக்கமும் அவுட்புட் பக்கமும் உள்ளேயே பிரிக்கப்பட்டிருக்கும். நாமே கட்டியதில் அப்படி இருக்காது. அவுட்புட்டின் நெகட்டிவ், யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். போர்டு எழுதி அனுப்பும் லாக் பதிவைப் பார்க்க அதிலும் ஒரு யூஎஸ்பி கேபிளைச் செருகினால், திரும்பும் கரண்ட்டின் ஒரு பங்கு அந்தக் கேபிள் வழியாகப் போய்விடும். நீங்கள் அளக்கும் கரண்ட் குறைவாகத் தெரியும். சந்தேகம் வந்தால் லாப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எண் மாறினால் காரணம் இதுவே. இரு பக்கக் கிரவுண்டையும் பிரித்து வைக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போட்டால் தீர்ந்தது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் எதைச் செய்வேன்? தினம் நாற்பது போர்டு, வாடிக்கையாளருக்குப் போகிறது என்பதால் கோராட் வகையோ அதற்கு மேலோ ஒரு பெட்டி வாங்குவேன். எல்எம்2596 சர்க்யூட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டி, இரண்டாவது பெஞ்சுக்கு வைத்துக்கொள்வேன். இருக்கிற ஆர்பிஎஸ்ஸை விற்க மாட்டேன். கையால் திருகிப் பார்க்க வேண்டிய வேலை எப்போதும் வரும்.

எதைச் செய்தாலும், முதல் நாள் போர்டை மாட்டாதீர்கள். பைக் இன்டிகேட்டரின் 12 வோல்ட், 10 வாட் பல்பை மாட்டி ப்ரோகிராமை ஓட்டுங்கள். படிப்படியாக வெளிச்சம் ஏறுவது கண்ணுக்கே தெரியும். குளிர்ந்த இழை தொடக்கத்தில் பல மடங்கு கரண்ட் இழுப்பதால் சிசி விளக்கு ஒரு கணம் மின்னுவதையும் பார்க்கலாம். 14 வோல்ட்டில் இருக்கும்போது யூஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள். கட்டிய பெட்டி என்றால் இரண்டு விநாடியில் பல்பு அணைய வேண்டும். வாங்கிய பெட்டி என்றால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கலாம்; அப்போது முன்பக்க பட்டனை அழுத்திப் பாருங்கள். சில மாடல்களில் ரிமோட் நிலையில் பட்டன்கள் பூட்டிக்கொள்ளும். பூட்டை விடுவிக்கும் பட்டன் எது என்று அன்றைக்கே கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.